கீழ்க்குகையில் எரிந்த மெழுகுவத்தி

இப்போதெல்லாம் யாரும் ஒயின் குடிப்பதில்லை என்பது நிகாசியோவின் கட்சி. மோந்து பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி மேலும் கீழும் பார்க்கிறார்கள். வாயில் ஊற்றிக் கொப்பளித்து வாளியில் துப்புகிறார்கள். துப்புவதற்கென்றே ஒருத்தன் பில்பாவோவிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறான். துப்பி முடித்ததும் ஈரத்தோல், காய்ந்த அத்தி, பழைய நூலகம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். சுற்றி நிற்பவர்களும் ஏதோ நூலகத்தை நக்கிப் பார்த்து வளர்ந்தவர்கள் போலத் தலையாட்டுகிறார்கள். நிகாசியோ பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போனதில்லை, நூலகத்துக்குள் காலடி வைத்ததும் இல்லை. அப்படியொரு வாசனை ஒயினில் வந்தால் அது கெட்டுப்போன ஒயின் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

ஊரைச் சொல்லி என்ன, அவர் வீட்டிலேயே அந்தக் கூத்து நடந்தது. மருமகள் இட்சியார் வீட்டுக்கு அடியில் இருக்கும் மேல்குகையைச் சுத்தம் செய்து, பீப்பாய்களை நிமிர்த்தி மேசையாக்கி, சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களுக்குப் பன்றித்தொடை சீவிப்போட்டு ஒயின் ஊற்றினாள். மேசைக்கு மேசை ஒரு திராட்சைக் குலை இருக்கும். நிகாசியோ ஒருநாள் அதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக் கடித்தார். பிளாஸ்டிக். ஸ்பெயினின் லாகுவார்டியாவில், மதில் கதவுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் திராட்சைக் கொடியாக நிற்கிற ஊரில், பிளாஸ்டிக் திராட்சை. அன்றிலிருந்து மருமகள் கையால் வைத்த எதையும் அவர் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

மேல்குகை போனது போகட்டும் என்று விட்டுவிட்டார். கீழ்க்குகையை விட முடியவில்லை.

மேல்குகையின் கோடியில் ஒரு இரும்புக் கிராதிக் கதவு. அதற்கப்பால் செங்குத்தான கல்படிகள். அடியில், கோடைக்கும் குளிருக்கும் ஒரே சில்லிப்பு மாறாத நீளமான ஒரு குடைவு. அங்கேதான் எண்பத்தொன்றாம் வருஷத்து ஒயின் படுத்துக்கிடந்தது. தெம்பிரனீயோ திராட்சை, அதற்குச் சதைப்பிடிப்புக் கொடுக்கக் கொஞ்சம் கர்நாச்சா, இவை இரண்டுக்கும் மேல் கிராசியானோ. கிராசியானோ கஞ்சத் திராட்சை. தாமதமாகப் பழுக்கும், குறைவாகக் காய்க்கும், பல் கூசப் புளிக்கும். ஊரே அந்தக் கொடியைப் பிடுங்கிப் போட்ட காலத்தில் நிகாசியோ அதை வைத்திருந்தார். கலவையில் மற்றவர்கள் போடுவதைவிடக் கூடுதலாகவே போட்டார். வினிகர் போடப்போகிறாயா என்று சிரித்தார்கள். புளிப்புத்தான் ஒயினைச் சாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் செத்த பிறகும் இது இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைக் கீழே அடுக்கினார். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை. ஒயின் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இட்சியாருக்குத் தேவைப்பட்டது இடம். வருகிற கூட்டத்துக்குக் கழிவறை கட்ட வேண்டும், அதன் தொட்டிக்குக் கீழ்க்குகையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்று கொத்தனார் சொல்லியிருந்தான். மாமனாரும் மருமகளும் கோடை முழுக்க இதற்காக முட்டிக்கொண்டார்கள். நிகாசியோவின் மகன் ஆசியெர் நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, அறுவடை என்று சாக்குச் சொல்லி ரோட்டோரத்துப் புதுக் கொட்டகைக்கு ஓடிவிட்டான். ஏற்பாடு இதுதான். எண்பத்தொன்றில் ஒரு பாட்டிலைத் திறப்பது. துப்புவதற்கென்று வருகிற அந்தப் பில்பாவோ ஆள், சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அர்ரியேத்தா, வந்து குடித்துப் பார்ப்பது. ஒயின் உயிரோடிருந்தால் கீழ்க்குகை அப்படியே இருக்கும். செத்திருந்தால் கொத்தனார் வருவான்.

"அதுல என் பீயைக் கொண்டு கொட்டப் போறாங்க" என்று நிகாசியோ மதுக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். அவருடைய கழிவு இல்லை, வெளியூர்க்காரர்கள் கழிவு என்று பக்கத்து வீட்டு ஃபுல்ஹென்சியோ திருத்தினான். அதே மூச்சில், இந்த வருஷம் தன் அப்பா காலத்துக் கல்தொட்டியை நிரப்பியிருப்பதாகவும், காம்போடு முழுக்குலையாகப் போட்டுக் காலால் மிதித்ததாகவும், அது பொங்கிக்கொண்டிருப்பதாகவும் பெருமையடித்தான். நிகாசியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னால இந்தக் கடைப் படியே ஏற முடியல. நீ மிதிச்சியா?" கடை சிரித்தது. ஃபுல்ஹென்சியோ ஏதோ சொல்ல வந்தான், யாரும் கேட்கவில்லை. அவன் வாயைத் திறந்தாலே பொய் என்று நிகாசியோ முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது.

பாட்டிலை முந்தின நாளே எடுத்து நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் இறங்கும் என்று இட்சியார் சொன்னாள். நிகாசியோ ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரியில் யார் எதை மாற்றி வைப்பார்களோ. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு நானே போய் எடுத்து வருவேன், படுத்த பாட்டிலைப் படுத்தபடியே கூடையில் வைத்து ஊற்றுவோம் என்றார். அன்று காலையில் அவர் ரொட்டிகூடத் தொடவில்லை. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அர்ரியேத்தா மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். மதிலுக்குள் வண்டி வந்தால் தரை அதிரும், தரைக்கு அடியில் வீட்டுக்கு வீடு ஒயின் தூங்குகிறது. கனத்த உடம்பு, மேல்மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் கண்ணாடிக் கோப்பையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். நிகாசியோவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் கோப்பை அழுக்கா?

இட்சியார் தன் இடுப்பில் தொங்கும் மஞ்சள் டப்பாவைச் சரிபார்த்துக்கொண்டே, கொஞ்சம் இருங்கள், நானும் கூட வருகிறேன் என்றாள். குகைக்குள் கெட்ட காற்று தேங்கியிருந்தால் அந்த டப்பா குருவி மாதிரிக் கத்தும். திராட்சை புளித்துப் பொங்கும்போது கிளம்பும் காற்று அது. கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் இல்லை, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடி இறங்கும். அக்டோபரில் இந்த ஊரில் அதற்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் நிகாசியோவின் வீட்டில் திராட்சை பொங்கிப் பல வருஷம் ஆயிற்று. எல்லாம் ரோட்டோரக் கொட்டகைக்குத்தான் போகிறது. அப்படியும் அவர் பழைய வழக்கத்தை விடவில்லை. இறங்கும்போது மெழுகுவத்தியைக் கொளுத்தி முழங்கால் உயரத்தில் முன்னால் நீட்டிக்கொண்டு போவார். சுடர் சுருங்கினால் திரும்பிவிட வேண்டும். அதற்கு டப்பா எதற்கு? முட்டைக்கோஸ் வேகும்போதுகூட அது கத்தியதை அவர் பார்த்திருக்கிறார்.

வாசலில் யாரோ மணியடித்தார்கள். இட்சியார் அந்தப் பக்கம் போனாள். நிகாசியோ கூடையை மேசைமேல் வைத்துவிட்டுக் கிராதியைத் திறந்தார்.

சட்டைப்பையில் மெழுகுவத்தித் துண்டும் தீப்பெட்டியும் இருந்தன. எடுக்கப் போனவர் கீழே பார்த்தார். கடைசிப் படிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, ஒரு மெழுகுவத்தி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சின்ன மஞ்சள் சுடர், லேசாக ஆடிக்கொண்டு. பரவாயில்லையே, ஒரு விஷயமாவது கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். தரையில் வைத்த சுடரே அணையவில்லை என்றால் குகையில் காற்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தீப்பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

மெழுகு வாசனை வரவில்லை. மட்டமானதாகப் பார்த்து வாங்கியிருப்பாள். மூக்கில் ஏதோ சுருக்கென்று குத்தியது. பூஞ்சணம் என்று நினைத்துக்கொண்டார்.

எண்பத்தொன்று கோடியில் இருந்தது. பாட்டில்களின் மேல் கறுப்புப் பூஞ்சணம் ஆட்டுத்தோல் மாதிரி படர்ந்திருந்தது. ஒன்றை மெதுவாக உருவி, புரளாமல், கைக்குழந்தையை ஏந்துவதுபோல முழங்கையில் கிடத்திக்கொண்டார். திரும்பினார். நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. ஓடி வந்தவன் மாதிரி மூச்சு இழுத்தது. ஓடவில்லையே. நின்று மெழுகுவத்தியைப் பார்த்தார். சுடர் சுருங்கவில்லை, அப்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆக காற்றில் கோளாறில்லை, கோளாறு வயிற்றில். ரொட்டி தின்றிருக்க வேண்டும்.

படியில் கால் வைத்தார். ஒவ்வொன்றாக ஏறினார். காதுக்குள் இரைச்சல், முட்டி கழன்று விழுகிற மாதிரி இருந்தது. பாதிகூட வரவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், பாட்டிலை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவ்வளவு இதமான யோசனையாக அது இருந்தது.

மேலே குருவி கத்தியது. விடாமல் கத்தியது.

"மாமா, எங்க இருக்கீங்க?" இட்சியாரின் குரல்.

"படியில. அந்தச் சனியனை நிறுத்து."

"கெட்ட காத்து வந்திருக்கு. மேல ஏறுங்க. இப்பவே."

"மெழுகுவத்தி எரியுது, பாரு."

"அது பாட்டரி மாமா. வர்றவங்க மேலருந்து பாக்கறதுக்காக நான்தான் வெச்சேன். ஊதினாக்கூட அணையாது."

நிகாசியோ திரும்பிப் பார்த்தார். சுடர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இவள் பொய் சொல்கிறாள் என்று முதலில் தோன்றியது. குகையை மூட ஒரு சாக்கு வேண்டும், கெட்ட காற்று வருகிறதென்று பில்பாவோக்காரன் முன்னால் நாடகம் போடுகிறாள். அவளுக்கு உறைக்கிறபடி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூச்சில்லை. இடுப்பு தானாக மடங்கியது.

"உக்காராதீங்க. அது கீழதான் தேங்கும், உக்காந்தா மூக்குக்கு மேல போயிடும். நில்லுங்க மாமா."

நில் என்று அவள் சொன்னதும் அவருக்கு உட்காரும் ஆசை இன்னும் கூடியது. மேலே அர்ரியேத்தாவின் குரல் கேட்டது. நீங்கள் இறங்காதீர்கள், இப்படித்தான் ஒருவரை எடுக்கப் போய் இரண்டு பேர் போவார்கள் என்று அவளைத் தடுத்துக்கொண்டிருந்தான். பிறகு இட்சியார் பேசினாள். குரலில் பதற்றம் இல்லை. மீன்காரியிடம் பேரம் பேசுகிற குரல்.

"சரி, உக்காருங்க. நான் இவர்கிட்ட சொல்லிடறேன். எண்பத்தொண்ணு வினிகராப் போச்சு, மேல கொண்டுவர மாமாவுக்கு வெக்கமா இருக்கு, அதான் அங்கயே உக்காந்துட்டார்னு. கொத்தனார் நாளைக்கே வரட்டும்."

"யாருக்குடி வெக்கம்?"

"உங்களுக்குத்தான். அன்னிக்கே ஊர் சொல்லிச்சாமே, வினிகர்னு."

நிகாசியோ நிமிர்ந்தார். எப்படி நிமிர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தோளைச் சுவரில் உரசிக்கொண்டு ஒரு படி, இன்னொரு படி. வினிகரா. வாயில் ஊற்றுகிறேன் இரு. ஒரு கை சுவரில், ஒரு கை பாட்டிலின் அடியில். கண்முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. திடீரென்று யாரோ அவருடைய இடுப்புவாரைப் பிடித்து இழுத்தார்கள். இட்சியார் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியிருந்தாள், கன்னம் இரண்டும் உப்பி. அவளுடைய இன்னொரு கையை மேலேயிருந்து அர்ரியேத்தா பற்றியிருந்தான். பாட்டிலைக் கீழே போடச் சொல்லித் தலையால் ஜாடை காட்டினாள்.

"உன்னை வேணா போடறேன்" என்றார் நிகாசியோ.

தெருவில் வாசற்படியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மலைப்பக்கமிருந்து வந்த காற்றை அவர் குடம் குடமாகக் குடித்தார். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. பாட்டில் முழங்கையில் அப்படியே படுத்திருந்தது. இட்சியார் டாக்டரைக் கூப்பிடப் போனாள். முதலில் தக்கை, அப்புறம் டாக்டர் என்றார். அவள் வாக்குவாதம் செய்தாள். அவர் கேட்கவில்லை. கடைசியில் டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு மேசையைத் தெருவோரம் கொண்டுவந்து போட்டார்கள்.

அவருடைய கை நடுங்கியது. மெல்லிய இரண்டு இரும்பு நாக்குகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி ஆட்டி ஆட்டி எடுக்கிற வேலை, நடுங்குகிற கைக்கு ஆகாது. பழைய தக்கை, ஒரு தப்பு அழுத்தம் போதும், பொடிந்து உள்ளே விழுந்துவிடும். இட்சியார் கையை நீட்டினாள். நிகாசியோ இரும்பை உடனே கொடுக்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார், பிறகு தன்னுடைய கையை. கொடுத்தார்.

அவள் பாட்டிலைக் கூடையில் படுத்தபடியே விட்டு, ஒரு நாக்கை இறக்கினாள், மற்றதை இறக்கினாள். திருகினாள். தக்கை நகரவில்லை. மூச்சுவிடாமல் மறுபடி திருகினாள். நனைந்த சத்தத்தோடு அது முழுசாக வெளியே வந்தது. நிகாசியோ பிடுங்கி மோந்தார். அவள் கூடையைச் சாய்த்து ஊற்றினாள். பாட்டிலின் கழுத்தில் கசடு கறுப்பு இழையாக ஊர்ந்து வந்தது. போதும் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நிறுத்திவிட்டாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

நிறம் செங்கல் மாதிரி மங்கியிருந்தது. வாசனை, வெகுநாள் திறக்காத அலமாரி. அர்ரியேத்தா ஒரு வாய் எடுத்தான், புருவத்தைச் சுருக்கினான், கோப்பையைக் கீழே வைத்தான். துப்பவில்லை. இட்சியார் அவன் முகத்தையே பார்த்தாள். நிகாசியோ குடித்தார். நாக்கில் மரம், தூசி, வேறொன்றும் இல்லை. ஆக, செத்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து தன்னைக் குழிக்குள்ளிருந்து எடுத்ததே இதைக் காட்டத்தான் போலிருக்கிறது.

"பொறுங்க" என்றாள் இட்சியார். "இத்தனை வருஷம் தூங்கினது முழிக்க வேண்டாமா?"

குகையை மூட நினைப்பவள் ஏன் பொறுக்கச் சொல்கிறாள் என்று நிகாசியோவுக்குப் புரியவில்லை. சந்தேகமாகத்தான் பார்த்தார். தெருவில் ஒரு நாய் போயிற்று, தேவாலய மணி அடித்தது, அர்ரியேத்தா தன் கோப்பையை மேசையிலேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி எடுத்தான். இந்தத் தடவை மூக்கைக் கோப்பைக்குள் விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. குடித்தான், விழுங்கினான். மிச்சத்தையும் விழுங்கினான். வெற்றுக் கோப்பையை இட்சியாரிடம் நீட்டினான்.

நூலகம், தோல், அத்தி எதுவும் சொல்லவில்லை. "உயிரோட இருக்கு பெரியவரே" என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

நிகாசியோ தன் கோப்பையைக் குடித்தார். அடிநாக்கில் அந்தப் பழைய புளிப்பு எட்டிப் பார்த்தது, கஞ்சக் கொடியின் புளிப்பு, அதன் பின்னால் மற்ற இரண்டும். இருந்தது. இருக்கிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் இந்தப் பில்பாவோக்காரனை எப்படி நம்புவது? கிழவன் சாகக் கிடந்தானே என்ற பரிதாபத்தில் சொல்கிறான்.

அந்த நேரத்தில் விஷயம் கேள்விப்பட்டு ஃபுல்ஹென்சியோ வந்தான், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு. கால் இரண்டும் ஊதா. இரண்டு வீட்டுக் குகைக்கும் நடுவில் அந்தக் காலத்தில் குடுவை கைமாற்றிக்கொள்ள ஒரு பொந்து இருந்ததல்லவா, அதன் பலகை உளுத்து விழுந்துகிடக்கிறது, தொட்டிக்காற்று அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது என்றான். தனக்கும் இப்போதுதான் தெரியும் என்றான். முகம் வெளுத்திருந்தது.

"தொட்டியை நிரப்பிட்டேன்னு உங்கிட்ட சொன்னேனேடா. கடையே சாட்சி. நீதான் நம்பல."

நிகாசியோ அவன் காலைப் பார்த்தார். "பீட்ரூட் தேச்சிருப்ப."

இட்சியார் தக்கையை மேசைமேல் வைத்தாள். கொத்தனாருக்கு வர வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன், கழிவறைக்கு வேறு வழி பார்க்கலாம், பேச்சு பேச்சுதான் என்றாள். பிறகு மாமனாரை நேராகப் பார்த்தாள். "ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும். ஊர்த் தொட்டியெல்லாம் அடங்கற வரைக்கும் கீழ யாரும் போகக்கூடாது. நீங்களும்தான், நானும்தான். அப்புறமும் டப்பா இல்லாம போகக்கூடாது. அந்தப் பொய் மெழுகுவத்தியை வெச்சது என் தப்பு. அதை எடுத்துடறேன்."

"பூட்டறதும் மூடறதும் ஒண்ணுதான்" என்றார் நிகாசியோ.

"மூடினா ஒயின் இருக்காது மாமா. பூட்டினா நீங்க இருப்பீங்க."

நிகாசியோ எழுந்தார். ஃபுல்ஹென்சியோ தாங்கிப் பிடிக்க வந்தான், கையைத் தட்டிவிட்டார். டாக்டர் வருகிற வரைக்கும் உட்காருங்கள் என்று இட்சியார் சொன்னாள். கெட்ட காற்றுமில்லை, நல்ல காற்றுமில்லை, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றியது, அவ்வளவுதான் என்று அவர் தெருவுக்கே கேட்கிறபடி சொன்னார். சோரிசோ தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டு உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும், வேண்டுமானால் கடைக்கு வந்து பாருங்கள்.

ஃபுல்ஹென்சியோவின் வீட்டைத் தாண்டும்போது கதவிடுக்கிலிருந்து திராட்சை பொங்குகிற வாசனை கனமாக அடித்தது. நிகாசியோ நின்றார். மூக்கை உறிஞ்சினார். தெரு முக்கில் யாரோ ரொட்டி சுடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மதுக்கடையைப் பார்த்து நடந்தார்.